‘ஹெல்ப்’ என்றால் உதவி மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கிலக் கதையை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் வரும் ‘ஐ கான்ட் ஹெல்ப் இட்’ என்பதை ‘என்னால் உதவ முடியாது’ என்று எழுதினேன். ஒட்டவே இல்லை. அந்த இடத்தில் யாரும் உதவி கேட்கவில்லை. ஹெல்ப் என்றால் உதவிதானே? அப்புறம், ‘ஐ நீட் எ ஹெல்ப்’ என்பது தவறு என்கிறார் என் தோழி. உண்மையா?

எம்.

அன்புள்ள எம்.,

யாரும் உதவி கேட்கவில்லையே என்று நின்று யோசித்தீர்கள் பாருங்கள், மொழிபெயர்ப்பவருக்கு வேண்டியது அந்தச் சந்தேகம்தான்.

ஹெல்ப் என்பதற்குச் சரிசெய்வது, குணப்படுத்துவது என்ற பொருளும் பழைய காலத்திலிருந்தே உண்டு. தலைவலிக்கு இந்த மாத்திரை ‘ஹெல்ப்ஸ்’ என்று இன்றும் சொல்கிறார்களே, அதில் அந்தச் சாயல் இருக்கிறது. அதிலிருந்து தடுப்பது, தவிர்ப்பது என்று பொருள் நகர்ந்தது. இந்தப் பொருளில் அது பெரும்பாலும் ‘கான்ட்’, ‘குடுன்ட்’ போன்றவற்றோடு சேர்ந்துதான் வரும். ‘ஐ குடுன்ட் ஹெல்ப் லாஃபிங்’ என்றால் ‘சிரிப்பை அடக்க முடியவில்லை’. ‘இட் கான்ட் பி ஹெல்ப்டு’ என்றால் ‘வேறு வழியில்லை’. உங்கள் வரிக்கு ‘அது என் கையில் இல்லை’ பொருந்தலாம். ஆனால் சொல்கிற ஆளைப் பாருங்கள். அழுதுகொண்டே ஒரு குழந்தை சொன்னால், ‘நான் என்ன பண்ணட்டும்?’ என்பதே சரி. எரிச்சலில் ஒரு பெரியவர் சொன்னால் தொனி வேறு. எதிலும் உதவி என்ற சொல் வராது.

‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ வந்தாலும் இதே கவனம் வேண்டும். சாப்பாட்டு மேசையில் அது ‘வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்’. பிறர் பணத்தை ஒருவன் அப்படி எடுத்துக்கொண்டான் என்று கதையில் வந்தால் அது திருட்டு.

உங்கள் தோழி சொல்வது சரி. தமிழில் ‘ஒரு உதவி வேண்டும்’ என்கிறோம். அந்த ‘ஒரு’வை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம். அங்கே இந்தப் பொருளில் ஹெல்ப் எண்ண முடியாத பெயர்ச்சொல். ‘ஐ நீட் சம் ஹெல்ப்’ என்று சொல்லுங்கள். சின்னதாக ஒன்றைச் செய்து தரக் கேட்கிறீர்கள் என்றால் ‘எ ஃபேவர்’ பொருத்தம். ஆனால் ‘யூ ஹாவ் பீன் எ கிரேட் ஹெல்ப்’ என்பது நல்ல ஆங்கிலம். உதவியாக இருந்த ஆளையே அங்கே ஹெல்ப் என்கிறார்கள். அதில் வரும் ‘எ’வை விட்டுவிடாதீர்கள்.