பாக்டீரியாவைக் கொண்டு அமினோ அமிலம் தயாரிப்பது எப்படி?

அமினோ அமிலங்கள் புரதத்தைக் கட்டும் செங்கற்கள். பல வகை பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளும். அதை அளவுக்கு மீறிச் செய்ய வைப்பதுதான் இந்த நொதித்தல் தொழில்.

பாலில் உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பாலுக்குப் பதில் எஃகுத் தொட்டி நிறையச் சர்க்கரைக் கரைசலும் அம்மோனியாவும். உறைமோருக்குப் பதில் கொரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம் என்ற பாக்டீரியா. தயிரைப் போல் சும்மா விட முடியாது, இடைவிடாமல் காற்றை ஊத வேண்டும். 1956-இல் ஜப்பானில் இதைக் கண்டுபிடிக்கும் வரை, கோதுமை போன்றவற்றின் புரதத்தை அமிலத்தில் வேகவைத்தே குளுட்டமேட் என்ற, சுவை கூட்டும் அமினோ அமிலத்தை எடுத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், எந்தச் செல்லும் போதுமானது சேர்ந்ததும் உற்பத்தியை நிறுத்திவிடும். ஆனால் பயோட்டின் என்ற வைட்டமினைக் குறைத்துக் கொடுத்தால் இந்த பாக்டீரியாவின் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு மாறி, குளுட்டமேட் வெளியே கசிகிறது. உள்ளே சேராததால் அது மேலும் மேலும் செய்துகொண்டே இருக்கிறது. ஓட்டைக் குடத்தை நிரப்பும் கதைதான், பாவம்! கோழித் தீவனத்தில் சேர்க்கும் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்துக்கோ, ‘போதும்’ என்ற கட்டுப்பாட்டையே இழந்த, மரபணு மாறிய பாக்டீரியா வகைகளை வளர்க்கிறார்கள்.

இப்படிக் கிடைப்பது ‘செயற்கை’, தக்காளியில் இருப்பது ‘இயற்கை’ என்று பலர் பிரிக்கிறார்கள். இரண்டு குளுட்டமேட்டும் ஒரே மூலக்கூறுதான்.