தளம் இல்லாமல், கையால் எழுதிய ஓடை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கென்று ஒரு டொமைனும் கொஞ்சம் சர்வர் இடமும் இருக்கின்றன. அவ்வப்போது எழுதும் சொந்தக் குறிப்புகளை நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வலைப்பதிவு மென்பொருள் எதையும் நிறுவிப் பராமரிக்க மனமில்லை. புதிய பதிவுகளை வாசகரின் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் ஓடைக் (feed) கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் நானே எழுதி, அதையே வெளியிட்டால் போதுமா? ஓடையின் வடிவங்களான ஆர்எஸ்எஸ் (RSS), ஆட்டம் (Atom) இரண்டில் எது நல்லது? பின்னால் திருத்தினால் என்ன ஆகும்?

பதில்: தாராளமாகப் போதும். ஓடை என்பது ஒரு எக்ஸ்எம்எல் (XML) கோப்பு, அதாவது ஒவ்வொரு தகவலையும் குறிகளுக்கு (tags) நடுவே வைத்து எழுதிய உரைக்கோப்பு. அதை மென்பொருள் உருவாக்கியதா, நீங்கள் தட்டச்சு செய்ததா என்று, ஓடைகளைப் படித்துக் காட்டும் ரீடர் செயலிக்குத் தெரியவே தெரியாது. பதிவின் முழு உரையையும் ஓடைக்குள்ளேயே வைக்கலாம். சுட்டி கொடுத்து வேறொரு பக்கத்துக்கு வாசகரை வரவழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியதெல்லாம் நீங்களே திறந்து படிக்கக்கூடிய ஒரே கோப்பில் இருக்கும். தரவுத்தளம் கிடையாது, அப்டேட் செய்ய வேண்டியது எதுவும் கிடையாது. சொந்த எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன்.

கையால் எழுதப்போகிறீர்கள் என்றால் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்எஸ்எஸ் 2.0 வெளியானது 2002-ல். ஆட்டம் 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி (RFC) 4287 என்ற ஆவணமாக, முறையான இணையத் தரநிலையாக வந்தது. ரீடர்கள் இரண்டையும் படிக்கும். வித்தியாசம் எழுதுகிறவருக்குத்தான். ஆர்எஸ்எஸ்ஸில் தேதி எழுதும்போது மாதத்தை ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கமாக எழுத வேண்டும்; கிழமையையும் சேர்த்தால் அது தேதியோடு பொருந்த வேண்டும். ஆட்டத்தில் 2025-03-09 என்று எழுதி, ஆங்கிலப் பெரிய எழுத்து டி ஒன்றைப் போட்டு, 18:30:00 என்று நேரத்தைச் சேர்த்து, உங்கள் நேர வலயத்தை ஒட்டினால் முடிந்தது. உள்ளே இருப்பது வெறும் உரையா, வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லா (HTML) என்பதையும் ஆட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஆர்எஸ்எஸ்ஸில் ரீடர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் குறிப்புகள் பெரும்பாலும் தலைப்பே இல்லாத நாலு வரிகள் என்றால் ஆர்எஸ்எஸ் 2.0 உங்களுக்கு ஒத்துவரும். அதில் தலைப்பு, விவரம் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஆட்டத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்புக் குறி கட்டாயம். தலைப்பு தோன்றாத நாளில் தேதியையே தலைப்பாக வைத்துவிடலாம். படிப்பவர்கள் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

முதல் கோப்பை வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஆர்எஃப்சி 4287-இன் தொடக்கத்திலேயே ஒற்றைப் பதிவு கொண்ட சிறிய மாதிரி ஒன்று இருக்கிறது. அதை நகலெடுத்து உங்கள் விவரங்களை நிரப்புங்கள். ஓடைக்கும் சரி, ஒவ்வொரு பதிவுக்கும் சரி, கட்டாயமானவை மூன்று: ஐடி (அதற்கே உரிய தனி அடையாளம்), தலைப்பு, புதுப்பித்த நேரம். ஆசிரியர் பெயரை ஓடையின் தலையில் ஒருமுறை கொடுத்தால் எல்லாப் பதிவுகளுக்கும் பொருந்தும். மேலே இருக்கும், இது எந்த வடிவம் என்று சொல்லும் பெயர்வெளி (namespace) முகவரியை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாதீர்கள். அது மாறினால் ரீடருக்கு இது ஆட்டம் என்றே தெரியாது.

இனி நிறையப் பேர் சறுக்கும் இடம். எச்டிஎம்எல்லில் ஒரு குறியை மூட மறந்தாலும் பிரவுசர் சமாளித்துக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல் அப்படி விட்டுக்கொடுக்காது. ஒரே ஒரு பிழை போதும், பல ரீடர்களில் முழு ஓடையும் நின்றுவிடும். நேற்று எழுதியதும் போகும், இன்று எழுதியதும் போகும். தலைப்பில் & குறி வந்தால் &#38; என்றும், < குறி வந்தால் &#60; என்றும் எழுத வேண்டும். பதிவின் உடலை சிடேட்டா (CDATA) பகுதிக்குள், அதாவது உள்ளே இருப்பதைக் குறிகளாக எண்ணாமல் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் பகுதிக்குள், வைத்து, வகை எச்டிஎம்எல் என்று குறித்துவிட்டால் ஒவ்வொரு குறியையும் இப்படி மாற்றும் வேலை மிச்சம். பத்திக் குறிகளை நீங்களே போடுங்கள், எடிட்டரில் தட்டிய வெற்று வரி ரீடரில் பத்தியாக மாறாது. போனில் எழுதுகிறவர்கள் மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள்: குறிகளுக்குள் பண்புகளின் (attributes) மதிப்பைச் சுற்றி நேரான மேற்கோள் குறிதான் வர வேண்டும். கீபோர்டு தானாக வளைத்துத் தரும் “அழகான” மேற்கோள் குறி அங்கே வந்தால் கோப்பு உடைந்துவிடும். கண்ணுக்கு லேசில் தெரியாது, தேடிக் களைத்துப்போவீர்கள். கோப்பின் முதல் வரியான எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தாலும் பிழைதான். தமிழுக்கென்று தனிச் சிக்கல் எதுவும் இல்லை. கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால் போதும்.

ஆகவே சோதிக்காமல் பதிவேற்றாதீர்கள். கோப்பைப் பிரவுசரில் திறந்தாலே எத்தனையாவது வரியில் உடைந்திருக்கிறது என்று காட்டிவிடும். அதைத் தாண்டிய தவறுகளுக்கு, கட்டாயக் குறி விடுபட்டது, தேதி பிசகியது போன்றவற்றுக்கு, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு நடத்தும் இலவச ஓடைச் சோதனைச் சேவை இருக்கிறது. பதிவேற்றும்போது வேறு பெயரில் ஏற்றி, முழுதாக ஏறிய பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள். பாதி ஏறிய கோப்பை எந்த ரீடரும் எடுத்துப் போகாது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஐடி. ஒரு பதிவு புதியதா, ஏற்கெனவே வந்ததா என்பதை ரீடர் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கையால் எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள்? போன பதிவை அப்படியே நகலெடுத்து, தலைப்பையும் உரையையும் மாற்றி, ஐடியை மாற்ற மறந்துவிடுவார்கள். கோப்பு சரியாகத் திறக்கும், பிழை எதுவும் வராது. ஆனால் வாசகர்களின் ரீடர் அதைப் பழைய பதிவின் திருத்தமாகவே எடுத்துக்கொள்ளும். பல இடங்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிடும், புதிதாக ஒன்று வந்ததாக யாருக்கும் தெரியாது. மாறாக, பழைய பதிவுகளின் ஐடிகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மாற்றினால் அத்தனையும் புதியவையாக மறுபடி எல்லோர் வீட்டிலும் போய் நிற்கும்.

ஐடிக்கு நான் பரிந்துரைப்பது ஆர்எஃப்சி 4151 வகுத்த டேக் (tag) முகவரி: உங்கள் டொமைன், அது உங்கள் வசம் இருந்த ஒரு தேதி, பிறகு நீங்கள் வைக்கும் ஒரு பெயர். அந்தத் தேதியில் அந்த டொமைன் உங்களுடையது என்பதுதான் அடிப்படை. ஆகவே நாளை டொமைன் கைமாறினாலும் பழைய ஐடிகள் செல்லும், மாற்ற வேண்டாம். ஒரே நாளில் இரண்டு குறிப்பு எழுதக்கூடியவர் என்றால் பெயரில் எழுதிய நேரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

திருத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத்துப் பிழையைச் சரிசெய்தால் உரையை மட்டும் மாற்றுங்கள். ஐடியையும் நேரத்தையும் தொடாதீர்கள். சொன்ன விஷயமே மாறினால் ஐடி அப்படியே இருக்க, புதுப்பித்த நேரத்தை மாற்றுங்கள். எது முக்கியத் திருத்தம் என்று தீர்மானிக்கும் உரிமையை ஆட்டம் உங்களிடமே விட்டிருக்கிறது.

கோப்பு வளர்ந்துகொண்டே போகுமே என்றால், அண்மைய இருபது பதிவுகள் இருந்தால் போதும். பழையவற்றை வெட்டி இன்னொரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே பெற்றவர்களின் ரீடரில் அவை பொதுவாக அப்படியே இருக்கும், புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் வராது. ரீடர்கள் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பதால் சர்வர் திணறும் என்ற கவலை வேண்டாம். கோப்பு மாறவில்லை என்றால் 304 என்று ஒரு வரிப் பதிலோடு திருப்பி அனுப்பும் வசதி சாதாரண சர்வர்களிலேயே உண்டு.

ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம் மட்டும் போட்டு வையுங்கள். பெரும்பாலான பிரவுசர்கள் ஓடையைக் கைவிட்டுவிட்டன. ஃபயர்பாக்ஸே 2018 டிசம்பரில் தன் உள்ளமைந்த ஓடை வசதியை நீக்கிவிட்டது. உங்கள் கோப்பின் முகவரியைச் சொடுக்கும் நண்பருக்கு வெறும் குறிகள் தெரியும், அல்லது ஏதோ இறங்கும். ரீடர் என்றால் என்ன, இந்த முகவரியை எங்கே ஒட்ட வேண்டும் என்று நான்கு வரி எழுதி, ஓடைக்குச் சுட்டும் இணைப்புக் குறியை அந்தப் பக்கத்தின் தலைப்பகுதியில் (head) வைத்துவிட்டால், டொமைன் பெயரை மட்டும் கொடுத்தாலும் ரீடரே ஓடையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

சொந்த விஷயங்கள் எழுதப்போவதால் இன்னொன்று. ஓடையில் வந்துவிட்ட பதிவைத் திரும்பப் பெற முடியாது. கோப்பிலிருந்து நீக்கினாலும் ரீடர்கள் எடுத்துப்போன நகல் அவரவரிடம் இருக்கும். அழிக்கச் சொல்லும் வழி எல்லா ரீடர்களும் மதிக்கும்படி எதுவும் இல்லை. யாரும் ஊகிக்க முடியாத முகவரியில் வைத்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். நண்பர் ஒருவர் இணையவழி ரீடரில் சேர்த்தால் அந்த முகவரி அந்தச் சேவையின் கைக்குப் போய்விடும், அங்கிருந்து அது எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. குடும்பத்தாருக்கு மட்டும் என்று எழுதுவதைத் தனிக் கோப்பாக்கிக் கடவுச்சொல் போட்டு, அதை ஏற்கும் ரீடர் எது என்று அவர்களிடமே கேட்டுச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.