அந்த அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள், ஆச்சி

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள் சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா, சிவில் புராஜெக்டை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனிக்குள்ளும் நுழைய முடியாது, ஏஐ புராஜெக்ட் ஒன்றை வாங்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஒரு புராஜெக்ட் சென்டரில் 25,000 ரூபாய்க்குப் பேசியும் ஆயிற்று. புரோகிராம், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் அதில் அடக்கம். "எல்லாருமே அப்படித்தான் செய்யுறாகளாம். நாம மட்டும் விட்டுட்டா பிள்ளை பின்னாடி போயிருமோன்னு பயமா இருக்கு" என்றார்.

பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். இதற்கு ஆறுதல் சொல்லிப் பயனில்லை, ஆச்சி. அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.

விலைக்கு வாங்கின புராஜெக்ட் வைவாவில் தப்பித்துவிடும், இன்டர்வியூவில்தான் மாட்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனிடம் அவன் ரிப்போர்ட்டையே பிரித்து, இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டேன். முகம் வேர்த்துவிட்டது. சிவில் படித்த பெண் முகமறியும் மென்பொருள் செய்ததாகச் சொன்னால் முதல் கேள்வியே "ஏன்?" என்றுதான் வரும். சித்தப்பாவா வந்து பதில் சொல்வார்?

அந்தப் பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. உனக்கு எதில் ஆசை என்று கேட்டதும் செல்போனை நீட்டினாள். அத்தனையும் தரைப் படங்கள். ஐயா வீட்டு வளவு, பட்டாலை, விரிசல் விட்ட ஒரு பூக்கல். இறுதியாண்டு புராஜெக்ட் கையிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு மென்பொருளை விலை பேசுகிறார்கள்!

அந்தப் பூக்கல் ஆத்தங்குடிக் கல், காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் தரைக்கல். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவார்கள். சிமெண்டும் மணலும் வண்ணமும் கரைத்த குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, பின்பக்கத்துக்குக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டி. கண்ணாடியை விட்டுக் கல் பிரியும்போது பளபளப்பும் கல்லோடு வந்துவிடும்.

இதில் அந்தப் பெண் கேட்கவேண்டிய கேள்வி பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே போகும் சிமெண்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு உமிச்சாம்பல் போட்டால் கல் தாங்குமா? உமிச்சாம்பலில் சிலிக்கா நிறைய. பதமான சூட்டில் எரித்து நைசாக அரைத்தால் சிமெண்டோடு சேர்ந்து வேலை செய்யும். சூடு ஏறிப்போனால் சோம்பிவிடும். சாம்பல் நிறம் பூவைக் கெடுக்குமே என்றால், அது முகப்புக்கு வரப்போவதே இல்லை. சாம்பல் இல்லாமல் ஒரு வகை, 10 சதவீதம், 20 சதவீதம் என்று மூன்று வகை. தரைக்கற்களுக்கென்றே ஐஎஸ் 1237 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. நனைந்த கல்லை வளைத்து உடைத்துப் பார்ப்பது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு தேய்கிறது எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் 10 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. 20 சதவீதக் கல் தோற்றுப்போனாலும் ஒன்றுமில்லை. ஏன் தோற்றது என்று சொல்லத் தெரிந்த பெண்ணை யாரும் இலேசில் அனுப்பிவிட மாட்டார்கள்.

கல் வார்க்கும் பட்டறைக்காரர் நேரத்துக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும், ஓசியில் கேட்கக் கூடாது. அப்புறம் சிமெண்ட், மணல், பேருந்துக் காசு. உடைக்கிற இயந்திரம் கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கும். புராஜெக்ட் டீமில் நாலு பேர் பங்கு போட்டால் 25,000-க்குப் பக்கத்தில்கூட வராது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது; அறிவிப்பு வந்தால் கைடு மூலம் விண்ணப்பிக்கட்டும். காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது. சாம்பல் பதமாக எரிந்திருக்கிறதா என்று எக்ஸ்-கதிர் சோதனை செய்து தருவார்களா என்று கடிதம் கொடுத்துக் கேட்கலாம். கட்டணம் கூடுதலென்றால் விட்டுவிடுங்கள், அது இல்லாமலும் புராஜெக்ட் நிற்கும். இதற்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

ஐடி வேலை, கேட் தேர்வு, டிஎன்பிஎஸ்சி பற்றியெல்லாம் நான் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஊரே இருக்கிறது.

பொம்பளைப் பிள்ளை பட்டறையில் போய் நிற்பதா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்ததாம். நாளைக்குக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் நிற்கப்போகிறவள்தானே ஆச்சி? நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது எதற்கு?

ஒன்றுதான் அவசரம். கல் வார்த்த நாளிலிருந்து 28 நாள் கழித்து உடைத்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. கல்லூரியில் நடக்கும் இரண்டாவது புராஜெக்ட் ரிவ்யூவுக்குள் எண் கையில் வேண்டுமென்றால் பொங்கலுக்கு முன்னாலேயே வார்த்தாக வேண்டும். சித்தப்பாவுக்கு அதற்கப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.