கொரிய சோப்ரானோக்கள்: குரல், மேடை, வகுப்பறை – கேள்வி பதில்

கேள்வி: கொரிய சோப்ரானோ (பெண்குரல்களில் உச்சக்குரல்) என்றாலே சுமி ஜோ பெயரைத்தான் சொல்கிறார்கள். எப்படி மேலே வந்தார்?

சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்காமலே 1983இல் ரோம் போய் சாந்தா செசீலியா இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1986இல் த்ரியெஸ்தேயில் வெர்தியின் ‘ரிகொலெத்தோ’ என்ற ஓபராவில் (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) ஜில்டா வேடத்தில் அறிமுகம். புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் கராயன் அவரைத் தேர்ந்தெடுத்து, 1989இல் வெர்தியின் ‘முகமூடி நடனம்’ ஓபராவின் ஒலிப்பதிவில் ஆஸ்கர் என்ற வேடத்தில் பாட வைத்தார். அந்த ஜூலையில் கராயன் இறந்துவிட, சால்ஸ்பர்க் மேடையில் அதே ஓபராவை இன்னொரு நடத்துநரான ஷோல்டி நடத்தினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அறிமுகமானதும் அதே ஆண்டுதான், மறுபடி ஜில்டாவாக.

ஆஸ்கர், ஜில்டா இரண்டும் மெல்லிய, வேகமான, உச்சத்தில் துள்ளும் குரலுக்கானவை. ‘நோர்மா’ என்ற கனத்த வேடத்தைப் பாடச் சொல்லி கராயனே கேட்டும் மறுத்துவிட்டதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இருபதுகளில் நோர்மாவைத் தொட்டிருந்தால் அந்தக் குரல் இத்தனை ஆண்டு நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

கேள்வி: ஹாங் ஹே-கியோங் பற்றிச் சொல்லுங்கள் சார். அவர் ஆசிரியராகவும் இருந்தவர் அல்லவா?

ஆமாம், இங்கே அதிகம் பேசப்படாதவர். சிறுமியாகவே நியூயார்க் போய் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்தார். 1982இல் மெட்ரோபாலிட்டன் நடத்தும் தேசியக் குரல்தேர்வில் வென்று, 1984இல் மோட்சார்ட்டின் ‘டைட்டஸின் கருணை’யில் செர்வீலியாவாக மேடையேறினார். செர்வீலியா சின்ன வேடம், ஒரே ஒரு தனிப்பாட்டு. அறிமுகத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான வேடம் கிடையாது. மிமி (‘லா போஎம்’), லியூ (‘துராந்தோத்’), வியொலெத்தா (‘லா திராவியாதா’) போன்ற வேடங்களையும் அதே மேடையில் பாடினார். 2007இல் ‘லா திராவியாதா’வில் அவரும் டெனர் (ஆண் உச்சக்குரல்) கிம் வூ-கியோங்கும் ஜோடியாகப் பாடியபோது, அந்த அரங்கில் இரு முதன்மை வேடங்களையும் ஆசியர்கள் ஏற்றது அதுவே முதல்முறை. பிறகு சியோலில் யோன்செய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கேள்வி: மைக் உண்டா?

ஓபரா அரங்கில் கிடையாது. திறந்தவெளி நிகழ்ச்சி வேறு கதை.

கேள்வி: உச்சத்தில் பாடும்போது ஒரு சொல்லும் புரியவில்லையே. உச்சரிப்பு சரியில்லையா?

உச்சரிப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள். ‘ஈ’ என்ற உயிருக்கு வாயறையின் முதல் ஒத்ததிர்வு (வாயறை ஒலியைப் பெருக்கிக் காட்டும் இடம்) சுமார் 300 ஹெர்ட்ஸ், ‘ஆ’வுக்கு சுமார் 800. சோப்ரானோ பாடும் மேல் ‘சி’ 1,047 ஹெர்ட்ஸ். மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவில் இரவு ராணி பாடும் உச்ச ‘எஃப்’ ஏறத்தாழ 1,397. சுருதி இவ்வளவு மேலே போனபின் ‘ஈ’க்கான வாயமைப்பு ஒலிக்கு உதவாது. தாடையைத் திறந்து ஒத்ததிர்வைச் சுருதியை நோக்கி உயர்த்தினால்தான் இசைக்குழுவைத் தாண்டிக் கேட்கும். அப்போது ஈ, ஊ எல்லாம் ‘ஆ’ மாதிரி ஆகிவிடும். ‘ஈ’யை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டால் தொண்டை இறுகி ஒலி கீச்சிடும்.

கேள்வி: கொரிய மாணவிகளுக்கு இத்தாலியம் கற்பிக்கும்போது ஆசிரியர் எதைத் திருத்துவார்?

முதலில் சொல்லின் இறுதி. கொரியத்தில் ஈற்று மெய்யை வெடிக்கவிடாமல் அடைத்து நிறுத்துவார்கள். ‘பாப்’ (சோறு) என்றால் உதடு மூடியதோடு சரி, மூச்சும் நின்றுபோகும். பாட்டில் அப்படி நின்றால் இழை அறுந்துவிடும். உயிரை முழு நீளத்துக்கும் இழுத்து, மெய்யை அடுத்த அசையின் வாசலில் வைக்கப் பழக்குவார்கள்.

இரண்டாவது, ‘அமோர்’ (காதல்) என்பது ‘அமோரு’ ஆவது. நாம் ‘பஸ்ஸு’ என்கிறோமே, அதே கதை. வாலை வெட்டிச் சொல்லவைத்து, பிறகு பாடவைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையான தலைவலி. கொரியத்தில் ர, ல இரண்டுக்கும் ஒரே எழுத்து: உயிர்களுக்கு நடுவே ‘ர’ போல, இரட்டித்தால் ‘ல’ போல ஒலிக்கும். ஒற்றை ‘ல’ வரும் இத்தாலியச் சொல் அதனால் வழுக்கும். ‘லா-லா-லா’, ‘ரா-ரா-ரா’ என்று மாற்றிமாற்றிச் சொல்லவைத்து, நாக்கு நுனி பல்லீற்றில் தங்குகிறதா, தட்டிவிட்டு ஓடுகிறதா என்று கண்ணாடியில் காட்டினால் பிடிபடும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. யூடியூப் பார்த்து இரவு ராணி பாட்டைப் பாடிக்கொண்டே இருக்கிறாள். விடலாமா?

விளையாட்டாக ஒருமுறை பாடட்டும், தினப் பயிற்சியாக வேண்டாம். பூப்பு வயதில் பெண்பிள்ளைகளின் குரல்நாணும் வளரும். நடுக்குரலில் காற்று கலந்து ஒலிப்பது சகஜம். அதை மறைக்கத் தொண்டையால் தள்ளினால் அதுவே பழக்கமாகிவிடும்.

தினம் பதினைந்து நிமிடம் போதும். உதட்டைப் படபடக்கவிட்டு ஐந்து சுரம் ஏறி இறங்கட்டும். ஒரு ஸ்ட்ராவை வாயில் வைத்து ‘ஊ’ என்று மெல்ல வழுக்கட்டும். அப்போது வாயில் திரும்பும் காற்றழுத்தம் குரல்நாண்களின் மோதலைத் தணிக்கும். பிறகு நடுக்குரலில் எளிய பாட்டு ஒன்று. மறுநாள் காலையில் குரல் கரகரத்தால் முந்தைய நாள் அதிகம் என்று அர்த்தம். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வயதான பாடகிகளின் குரல் ஆடுகிறதே. அதனால்தான் ஆசிரியர் வேலைக்குப் போகிறார்களா?

அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. மேடையில் இருக்கும்போதே கற்பிக்கத் தொடங்குபவர்களும் உண்டு. ஆட்டம் வேறு விஷயம். நீண்ட சுரத்தில் சுருதி லேசாக ஏறி இறங்கும் அதிர்வு எல்லாருக்கும் உண்டு; ஆரோக்கியமான குரலில் அது நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை. அது நாலுக்கு இறங்கி, சுருதி அகலமாக அலைந்தால்தான் ஆட்டம். வயது ஒரு காரணம். குரலுக்கு மீறிய கனத்த வேடங்களைச் சீக்கிரம் ஏற்றது இன்னொன்று. இரண்டாவதை ஓரளவு சரிசெய்யலாம்: சில மாதம் கனத்த பாட்டை நிறுத்தி, நடுக்குரலில் ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, வளர்த்து, மெல்ல முடிக்கும் பயிற்சி. அவசரப்பட்டு உச்சத்துக்குப் போனால் ஆட்டம் திரும்பிவிடும்.