பெயரையும் ஊரையும் மாற்றினால் போதுமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' நாவலைக் குறும்படமாக எடுக்கப்போகிறோம். நாவலில் ரயில் பனியில் சிக்கி நிற்கும்; எங்கள் படத்தில் இரணியல் பக்கம் மண் சரிந்து நிற்கிறது. பெயர், ஊர் எல்லாம் மாற்றிவிட்டோம். யூடியூபில் இலவசமாகத்தான் போடுவோம். அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. கிறிஸ்டி இறந்தது 1976-ல். ஆக 2036 முடியும்வரை பொறுக்க வேண்டும். காசு வாங்காமல் காட்டினாலும் தழுவல் தழுவல்தான்.

யோசனைக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் சொன்னது இதுதான். நின்றுபோன ரயிலில் ஒரு கொலை என்பது யோசனை. ஆனால் அதே பயணிகள், அதே தடயங்கள், அதே முடிவு என்றால், இரண்டையும் பார்த்தவர் 'இது அதுதானே' என்பார். அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

என்னைக் கேட்டால், ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை எழுதிய கானன் டாயிலுக்குப் போங்கள். அவர் 1930-லேயே இறந்துவிட்டார்; ஹோம்ஸ் கதைகள் இங்கே யாருக்கும் பொது. 'சில்வர் பிளேஸ்' கதையைக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரலாம். ராத்திரி குதிரை காணாமல் போகிறது, காவல் நாய் குரைக்கவில்லை. நம்மூரில் அப்படியே பொருந்தும். பொருந்தாதது சாப்பாடு. லாயத்துப் பையனைத் தூங்கவைக்க அவனுடைய ஆட்டுக்கறி மசாலாவில் அபின் பொடி கலந்திருக்கும்; அபின் ருசியை மசாலா மறைத்துவிடும். அன்றைக்குப் பார்த்து மசாலா சமைக்கச் சொன்னது யார் என்பதில்தான் ஹோம்ஸ் பிடிப்பார். நம் வீடுகளில் தினமும் மசாலாதானே, அந்தத் தடயம் செத்துவிடும்! பாகற்காய் வையுங்கள். கசப்பைக் கசப்பு மறைக்கும். யாருக்கும் பிடிக்காத பாகற்காயை அன்று சமைக்கச் சொன்னது யார் என்ற கேள்வியும் நிற்கும்.

குதிரையை எடுத்துவிட்டு நகைப்பெட்டி வைத்துவிடாதீர்கள். அங்கே மிருகம் இருந்தே ஆக வேண்டும், ஏன் என்று சொன்னால் கதை கெட்டுவிடும். மிருகத்தை வைத்துப் படமெடுக்க விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை.

அப்புறம், ஆங்கில மூலத்திலிருந்தே திரைக்கதை எழுதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை இருக்கும். மண்சரிவை விட மனமில்லையா? தோட்டத்துச் சாலையில் சரியட்டும். ரயில்வே அனுமதிக்கு அலைவதாவது மிச்சம்.