காற்று ஒன்றுதான், மலை வேறு

வணக்கம் ஐயா,

என் மகன் படிவம் ஒன்றில் படிக்கிறான். புவியியல் என்றாலே முகம் சுளிக்கிறான். வடகிழக்குப் பருவக்காற்று எந்த மாதம், தென்மேற்கு எந்த மாதம் என்று இரவெல்லாம் ஒப்பிப்பான். சோதனை முடிந்ததும் மறந்துவிடுவான். போன வாரம் ஒன்று கேட்டான்: "தென்மேற்குக் காற்று கேரளாவுல மழையைக் கொட்டுதாம். அதே காற்று வீசுறப்போ நம்ம ஊர்ல மழை குறைவுன்னு புத்தகத்துல இருக்கு. எதும்மா சரி?" எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பாடத்தை எப்படித்தான் படிப்பது?

ஒரு வாசகி, பெஸ்தாரி ஜெயா, மலேசியா

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் புவியியல் படிக்க ஆரம்பித்துவிட்டான். அவன் கேட்டதுதான் புவியியல்.

இரண்டும் சரி. மலைகள் தெரியும் வரைபடம் ஒன்றை விரித்து, அரபிக்கடலில் விரலை வைக்கச் சொல்லுங்கள். வடகிழக்காக நகர்த்தினால் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டும். ஈரக்காற்று மலையேறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி வருவது காய்ந்த காற்று. தமிழ்நாட்டில் நம் தாத்தா பாட்டி ஊர்களில் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், மழை மட்டும் பெரிதாக இராது. இப்போது விரலைச் சுமத்ராவுக்குக் கொண்டுவரட்டும். அங்கே மேற்குக் கரையோரமாகவே பாரிசான் மலைத்தொடர் நிற்கிறது. நாம் அதற்குப் பின்னால் இருக்கிறோம். வடகிழக்குப் பருவக்காற்றின்போது வந்த 2014 டிசம்பர் வெள்ளம் நம் கிழக்குக் கரை மாநிலமான கிளந்தானை ஏன் அப்படி அடித்தது என்று அடுத்துக் கேளுங்கள். தீபகற்பத்தின் நடுவே முதுகெலும்பு போல ஓடும் தித்திவங்சா மலையில் விரலை வைத்து அவனே சொல்லிவிடுவான்.

பெயர்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். தித்திவங்சா எது என்று தெரியாவிட்டால் விரல் எங்கே போய் நிற்கும்?

நான் உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டினார். மழை குறைவு என்று புத்தகம் சொல்லும் அதே மாதங்களில்தான் எங்கள் வீட்டில் மழைக்குப் பயம். விடியுமுன் மேற்கே வானம் கறுத்து, சூறையடித்துக் கொட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் பட்டை நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. வெட்டியிருந்தால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், இருக்கும் பாலும் மழைத்தண்ணீரோடு போய்விடும். அன்றைய கூலி அவ்வளவுதான். அந்தக் காற்றுமழைக்குச் 'சுமத்ரா' என்றே பெயர் உண்டு என்று இடைநிலைப்பள்ளியில்தான் தெரிந்துகொண்டேன். இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள் வரிசைகட்டி நம் கரைக்கு வருகின்றன. அன்றைக்கு வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "அம்புட்டு தூரத்துலேருந்தா வருது?" என்று கேட்டுவிட்டு, வாசலில் நின்று வெகுநேரம் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்து அம்புக்குறியை அதற்கப்புறம் நான் மறக்கவே இல்லை.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நேரான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் தலையை வெட்டி, புனல்போலக் கவிழ்த்துச் செருகுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும்; அது மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் என்று கோடு போடட்டும். கூரைத்தண்ணீர் விழாத திறந்த இடத்தில் வைத்து, தினம் காலையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதட்டும். அளந்ததும் தண்ணீரைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எத்தனை மணிக்குப் பெய்தது, மேகம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும் குறிக்கட்டும்.

ஜூலை, ஆகஸ்டில் என்றாவது விடியுமுன் மழை பிடித்தால், அந்த நாளின் குறிப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.