படத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று
சைக்கிள் வாங்கியவர்கள் கேட்டவை

கேள்வி: ‘அலாய் சைக்கிள்’ என்று விளம்பரம். வந்ததைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கேட்டால், “அலாய்தான் சார், ரிம்மைப் பாருங்க” என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா?

பதில்: அநேகமாக, ஆமாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஃபிரேமின் மேல் குழாயிலும் கீழ்க் குழாயிலும் நட்டநடுவில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. அலுமினியத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஹேண்டில் கழுத்திலும் போல்ட்டுகளிலும் வைத்துப் பார்க்காதீர்கள். அலுமினிய சைக்கிளிலும் அங்கெல்லாம் இரும்பு உண்டு, காந்தம் ஒட்டும்.

இந்த ‘அலாய்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். அலாய் என்றால் உலோகக் கலவை, அவ்வளவுதான். எஃகும் கலவை, பித்தளையும் கலவை. அதனால் ‘அலாய்’ என்று எழுதுகிறவர் அகராதிப்படி பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் காதில் அது ‘அலுமினியம், எடை குறைவு, துருப் பிடிக்காது’ என்றுதான் விழும் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறார். ரிம்மும் பிரேக் லீவரும் மட்டும் அலுமினியம், ஃபிரேம் முழுக்க இரும்பு. மேலே பெரிய எழுத்தில் ‘அலாய்’. ஃபிரேம் எதனால் ஆனது என்று நேராகச் சொல்லும் சொற்கள் உண்டு. ‘6061’ என்றால் மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த அலுமினியம். ‘ஹை-டென்’, ‘குரோமோலி’ இரண்டும் எஃகு. இவற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் ‘அலாய்’ என்று நின்றால், பணம் கட்டுவதற்கு முன்பே “ஃபிரேம் அலுமினியமா?” என்று எழுத்தில் கேளுங்கள். “ஆமாம்” என்று ஒரு வார்த்தை பதில் வந்தால் அதுவும் விவரணையில் சேர்ந்துவிடும். ‘கார்பன் ஃபோர்க்’ (ஃபோர்க் என்பது முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை) என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்கியவன் நான். காந்தம் ‘டக்’கென்று ஒட்டியது.

உங்கள் வழக்கில் எல்லாம் விளம்பர வாசகத்தைப் பொறுத்தது. ‘அலாய் ரிம்’ என்று இருந்தால் பிடி இல்லை. ‘அலாய் சைக்கிள்’, ‘அலாய் பாடி’ என்று இருந்தால், சாதாரண வாங்குபவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதுதான் அளவுகோல். எழுதிக் கேளுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கி நானே பூட்டினேன். பெடல் மிதிக்கும்போது ஷூ முன் சக்கரத்தில் இடிக்கிறது. விளம்பரப் படத்தில் சக்கரம் இவ்வளவு கிட்டத்தில் இல்லை. வேறு மாடலை அனுப்பிவிட்டார்களா?

பதில்: ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். டிஸ்க் பிரேக் என்றால் முன் கேலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், உங்கள் இடப்பக்கம் வர வேண்டும். பார்த்துச் சரி செய்யும்வரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: விளம்பரத்தில் ‘ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்’. வந்ததில் டிஸ்க் இருக்கிறது. ஆனால் கேபிள் இழுக்கும் வகை என்கிறார் மெக்கானிக். “முன்னறிவிப்பின்றி பாகங்கள் மாறலாம் என்று கீழே போட்டிருக்கிறோமே” என்கிறது கடை.

பதில்: முதலில் மெக்கானிக் சொன்னதை நீங்களே உறுதி செய்யுங்கள். சக்கரத்தின் அருகே இருக்கும் கேலிப்பரைப் பாருங்கள். வெளியே தெரியும் இரும்புக் கம்பி ஒரு சின்னக் கையை இழுத்தால் அது மெக்கானிக்கல். கம்பியே கண்ணில் படாமல் தடித்த குழாய் நேராக உள்ளே போனால் ஹைட்ராலிக். கேபிள் இழுத்து, கேலிப்பருக்குள் மட்டும் எண்ணெய் வேலை செய்யும் கலப்பு வகையும் உண்டு. அதில் கேலிப்பர் மேல் சின்ன எண்ணெய்த் தொட்டி இருக்கும்.

மெக்கானிக்கல்தான் என்றால், அந்தப் பொடி எழுத்து வாசகத்துக்கு நீங்கள் நினைக்கும் பலம் இல்லை. கிரிப்பின் நிறம் மாறியதற்கு அது பொருந்தலாம். வாங்குவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் பாகத்தை மாற்றிவிட்டு அதன் பின்னால் ஒளிய முடியாது. விவரணை சொல்லி விற்ற பொருள் விவரணைப்படி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இந்தியாவின் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தில் 15ஆம் பிரிவு, பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் 11ஆம் பிரிவு. மாதிரியைக் காட்டி, விவரமும் சொல்லி விற்றால் மாதிரியோடு ஒத்துப்போனால் மட்டும் போதாது, விவரத்தோடும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது அந்த 15ஆம் பிரிவு. ஷோரூமில் நின்றதைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று வாயடைக்கப் பார்க்கிறவர்களுக்கு இது பதில்.

இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஓட்ட ஓட்ட, ஏற்றுக்கொண்டதாக ஆகும். விளம்பரப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேலிப்பர், லீவர், பெட்டி மேல் உள்ள லேபிள், கிராங்கின் (பெடல் மாட்டியிருக்கும் கை) அடியில் குத்தியிருக்கும் ஃபிரேம் நம்பர் இவற்றைப் படம் எடுங்கள். பிறகு கடைக்கு மின்னஞ்சல். போனில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள். அதில் பில் எண், தேதி, விளம்பரத்தின் அந்த ஒரு வரி அப்படியே, வந்திருப்பது என்ன, நீங்கள் கேட்பது என்ன, பதிலுக்கு எத்தனை நாள். கேட்பது ஒன்றாக இருக்கட்டும்: முழுப் பணம், அல்லது சொன்ன மாடல், அல்லது விலைக் குறைப்பு. “ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்” என்று எழுதினால் ஒரு சீட் கவர் வரும். கார்டில் கட்டியிருந்தால் ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்று வங்கியிடம் தகராறு பதியலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் கடையின் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: 26 இஞ்ச் என்று வாங்கினேன். என் உயரத்துக்குச் சின்னதாக இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டயர் பக்கவாட்டில் 26 என்று இருக்கிறதா? இருந்தால் சொன்னதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். 26 என்பது சக்கர அளவு. உங்கள் உயரத்துக்குப் பார்க்க வேண்டியது ஃபிரேம் அளவு, அதாவது கிராங்கின் மையத்திலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை. விளம்பரத்தில் அதுவும் இருந்தது, நீங்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. கடையின் சொந்த ரிட்டர்ன் விதி இருந்தால் அதில் முயலுங்கள். இது ஏமாற்று இல்லை.

கேள்வி: மகள் படிக்கப் போவதற்காகச் சேர்த்துவைத்த பணம். 21 கியர் என்றார்கள், 7தான் இருக்கிறது. கேட்ட மறுநாளே விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். நான் படம் எடுத்து வைக்கவில்லை.

பதில்: விளம்பரத்தை எடுத்ததே அவர்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அடையாளம். மனம் தளராதீர்கள், வேறு தடயங்கள் இருக்கும். ஆர்டர் உறுதி மின்னஞ்சலிலும் பில்லிலும் மாடல் பெயருக்குப் பக்கத்தில் ‘21எஸ்’ போன்ற குறி இருக்கிறதா பாருங்கள். பெட்டி லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடுங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த விளம்பரத்தின் முகவரியைப் போட்டால் பழைய பக்கம் சிலசமயம் கிடைக்கும். கடையோடு நடந்த வாட்ஸப் பேச்சை அழிக்காதீர்கள். அதே விளம்பரத்தைப் பார்த்த தோழியோ பக்கத்து வீட்டுக்காரரோ எழுதிக் கொடுப்பதும் சாட்சிதான். முன்பக்கம் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 என்றால் 7 கியர்; முன்னால் 3 இருந்தால்தான் 21. இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

கேள்வி: ஐந்து மாதமாக ஓட்டுகிறேன். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், 21 கியருக்குப் பதில் 18. மாற்றித் தருவார்களா?

பதில்: ஐந்து மாதம்! பல்சக்கரத்தை எண்ண அரை நிமிடம் போதும். பிரிட்டனில் நேராகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை முதல் 30 நாளோடு போய்விடும். அதன் பிறகு பழுது பார்ப்பது அல்லது மாற்றித் தருவதில்தான் தொடங்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு இருக்கிறது. ஆனால் ஐந்து மாதத் தேய்மானத்தோடு முழுப் பணம் கேட்டால் உங்கள் கையே பலவீனமாகும். வித்தியாசத் தொகையைக் கேளுங்கள்.

கேள்வி: “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

பதில்: அச்சடித்தால் சட்டமாகிவிடாது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிகம். 2020 மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று ஆன்லைன் விற்பனையாளருக்குத் தனியாகவே சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ‘80 கி.மீ. வரை’ ஓடும் என்ற மின் சைக்கிள் 35ல் நின்றுவிடுகிறது.

பதில்: ‘வரை’ என்ற சொல்லோடு சண்டை போட்டு ஜெயிப்பது கடினம். லேசான ஆள், சமதரை, மோட்டாரின் குறைந்த உதவி நிலை என்று ஆரம்பித்துவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றி லேபிளைப் படியுங்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். விளம்பரத்தில் 36 வோல்ட், 10 என்றால் 360 வாட்-மணி. லேபிளில் 7.8 என்று இருந்தால் சுமார் 281தான். அப்போது தூரத்தை விட்டுவிட்டு பேட்டரியைப் பிடியுங்கள். எண்ணுக்கு எதிரே எண், மழுப்ப இடமில்லை.

கேள்வி: பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி திருப்பி அனுப்ப முடியாதா?

பதில்: மனம் மாறித் திருப்புகிறவரிடம் பெட்டி கேட்கலாம். தவறான பொருளை அனுப்பியவருக்கு அட்டைப் பெட்டி ஒரு சாக்கு ஆகாது. ஏதாவது சைக்கிள் கடையில் காலிப் பெட்டி கேட்டால் தருவார்கள். முன் சக்கரத்தைக் கழற்றியதும் ஃபோர்க்கின் இரு நுனிகளுக்கும் நடுவே ஒரு கட்டை கொடுங்கள், நசுங்காது. பேக் செய்வதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள், கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இடப் பெடலைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். மறந்துபோய் எதிர்ப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும். பலம் போட்டுக் கிராங்கின் மரையைக் கெடுத்துவிட்டால், அதைக் காட்டியே பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.